கண்ணுக்குள்ள ஒரு சொட்டு வெளிச்சம்

அந்தப் பையை மேல வைக்காதீங்க தம்பி. மடியில வச்சிக்கிடுங்க. இந்த டிரைவர் பிரேக் போடுத லட்சணத்துக்கு அது யாரு மண்டையிலயாவது விழுந்து தொலைக்கும். கேமராதானே? பையைப் பாத்தாலே தெரியும். என்கிட்டயும் இருக்கு, இந்தா, காலுக்கடியில. உங்களுதை விடப் பெருசு.

எங்க, கோவில்பட்டிக்கா? கல்யாணமா? சரி சரி. கல்யாணம் இல்லாத நாள்ல எடுப்பீங்களா? சிரிக்கீங்க. அப்ப எடுக்க மாட்டீங்க. நெனச்சேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க, உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன், இந்தத் தொழில்ல இருக்கவன் பூராம் சோம்பேறி. தினமும் எடுக்கணும் தம்பி. பல்லு விளக்குத மாதிரி எடுக்கணும். எடுத்துட்டு, எங்க தப்புன்னு உக்காந்து பாக்கணும். மறுநா அந்தத் தப்பு வராம எடுக்கணும். இதைச் சொன்னா ஒரு பயலுக்கும் ஏறாது. பொறவியிலயே வரணும் அண்ணாச்சிம்பான். என்னத்த பொறவி. எவனும் கேமராவோட பொறக்கல.

நான் ஆவுடைநாயகம். போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். வழியில பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட்டை எடுத்துக் காமிங்கம்போம்லா, அதுதான். முப்பது வருசம். டிக்கெட்டைப் பாத்து எவனையும் பிடிக்கல தம்பி, முகத்தைப் பாத்துப் பிடிச்சேன். டிக்கெட் எடுக்காதவன் நம்ம கண்ணைப் பாக்க மாட்டான், சட்டைப் பட்டனைப் பாப்பான். படிக்கட்டுல காலை வைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிரும். அந்தா, முன்னால ஒருத்தன், பச்சைச் சட்டை, சன்னலோரம். அவன் டிக்கெட் எடுக்கல. பந்தயம் கட்டுதேன். நான் சர்வீஸ்ல இருந்தா இந்நேரம் அவனை இறக்கி விட்டிருப்பேன். போட்டும், சவத்தை விடுங்க.

நான் ரிட்டயர் ஆன கையோட எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். ஒரே பொண்ணு. செண்பகவல்லி. பி.எஸ்சி முடிச்சிட்டு டவுன்ல ஒரு ரத்தம் டெஸ்ட் பண்ணுத இடத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தா. தரகர் பிச்சுமணி வந்தாரு. ஜாதகத்தை வாங்குனாரு. அண்ணாச்சி, முழு உருவத்துல ஒரு படம் வேணும், பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, நல்ல ஸ்டூடியோவுல எடுத்துக் குடுங்கன்னாரு.

கூட்டிக்கிட்டுப் போனேன். ஸ்டூடியோவுக்காரனைப் பாக்கணுமே நீங்க. வாயில வெத்தலை. பின்னால ஒரு படுதா, அதுல அருவி, மான், அன்னப்பறவை, எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாது. நாடியத் தூக்கும்மா, லேசாச் சிரிம்மா, அவ்வளவுதான். மறுநா படத்தைக் குடுக்கான், எம் பொண்ணு சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி நிக்கா. எங்க அக்கா பாத்துட்டு, யாருல இது, வடக்கத்திப் பிள்ளையாங்கா. சொந்த அத்தைக்கே அடையாளம் தெரியல. ஸ்டூடியோவுக்காரன்கிட்டப் போயி, ஏம்ல இப்பிடி வெளுக்க வச்சேன்னு கேட்டா, எல்லாரும் அப்பிடித்தான் கேக்காங்க அண்ணாச்சிங்கான். கோட்டிக்காரப் பய.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். எம் பொண்ணு படத்தை நானே எடுக்கேன்னு. ஊர்லயே பெரிய கேமராவா வாங்குனேன். சங்கரவடிவு, எம் பொண்டாட்டி, தலையில அடிச்சிக்கிட்டா. அவ எதுக்குத்தான் அடிக்கல.

பழகுனேன் தம்பி. விடிஞ்சா மாடிக்குப் போயிருவேன். தண்ணித் தொட்டியை எடுத்தேன். கொடியில காயுத துணியை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான், எம் பொண்டாட்டி சேலையை எதுக்குவே எடுக்கீருன்னு. உம்ம பொண்டாட்டி சேலை யாருக்குவே வேணும், நான் வெயிலை எடுக்கேன்னு சொன்னேன். புரியல அந்த மூதிக்கு. இன்னைக்கும் என்கூடப் பேசுதது இல்ல. பேசாதது நல்லதாப் போச்சு.

மொதல்ல எனக்கும் வரலதான். தலை வெட்டுப்படும், கை ஆடும். விடல நான். மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சிக்கிட்டு அமுக்கணும்னு நானாக் கண்டுபிடிச்சேன். காலை வெயில் தண்ணித் தொட்டிச் சுவர்ல பட்டுத் திரும்பி முகத்துல விழும் பாருங்க, அதுதான் வெளிச்சம், நேரா விழுதது வெளிச்சமே இல்ல. இதெல்லாம் எவன் சொல்லிக் குடுத்தான்? தினமும் எடுத்தேன், தெரிஞ்சது.

ஞாயித்துக்கிழமை மட்டும் செண்பாவை நிக்க வைப்பேன். மத்த நாள் அவளுக்கு வேலை. ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சு, பட்டுச்சேலை கட்டி, தொட்டிச் சுவருகிட்ட வந்து நின்னுரணும். அந்த அரக்குச் சேலைதான். வாராவாரம். சும்மா நிக்க மாட்டா, பேசிக்கிட்டே இருப்பா. அப்பா, கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேப்ல ஆள் எடுக்காங்கப்பா, எங்கூடப் படிச்ச பிள்ளை அங்கதான் இருக்கா, ஹாஸ்டல் இருக்காம்ப்பா, ஒரு ரெண்டு வருசம் போயிட்டு வரட்டுமாப்பான்னு. நான் சொன்னேன், வாயை மூடும்மா. கோவத்துல சொல்லல தம்பி. வாய் அசைஞ்சா படம் ஆடிரும்லா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் உன் மாப்பிள்ளையைக் கேட்டுக்கோன்னேன். முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நின்னா நின்ன இடத்துல நிப்பா. நல்லாப் பழகிட்டா.

இங்கதான் ஒரு வேடிக்கை. என் கை ஆடி, கலங்கலா வந்த படமெல்லாம் தரகர் கையில போச்சு பாருங்க, அப்ப மாப்பிள்ளை வீடு நெறைய வந்துச்சு. பிள்ளை லட்சணமா இருக்கு, வந்து பாக்கோம்னாங்க. ஏதோ ஜாதகத்துல இடிச்சு நின்னு போச்சு. என் படம் தெளிவாகத் தெளிவாக வாரவன் குறைஞ்சிட்டான். ஒவ்வொரு இழையும் தெரியும் தம்பி அந்தப் படத்துல, சேலையில சரிகை மின்னுறது தெரியும், மூக்குத்தி தெரியும். எவனுக்கும் பிடிக்கல. என்ன ஊரு இது. கலங்கலா இருந்தா வாரான், தெளிவாக் குடுத்தா ஓடுதான். ரசனை கெட்ட கூட்டம்.

பிச்சுமணி ஒரு நாள் வந்தாரு. படத்தைக் கையில வச்சிக்கிட்டு இழுக்காரு. அண்ணாச்சி, கேக்கேன்னு நெனச்சுக்கிடாதீங்க, பிள்ளைக்கு இதுல இஷ்டம்தானா, முகத்தைப் பாத்தா ஒரு மாதிரியா இருக்கேன்னாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். வே, நான் முப்பது வருசம் முகம் பாத்துச் சோறு தின்னவன், எனக்கு நீரு முகம் பாக்கச் சொல்லித் தாரீரான்னேன். காப்பியைக் கூடக் குடிக்காமப் போயிட்டாரு. போறாரு. தரகருக்கு என்ன தெரியும்? கமிஷன் தெரியும்.

என்ன பச்சைச் சட்டையைப் பாக்கீங்க? ஓ, கண்டக்டர் வாராரா. பாத்துக்கிட்டே இருங்க.

அப்புறம் கண்ணு. உங்களுக்குத் தெரியும்லா, உயிர் எங்க இருக்கு? கண்ணுல. கருவிழியில ஒரு சொட்டு வெளிச்சம் உக்காரணும். அது இல்லேன்னா எவ்வளவு தெளிவா எடுத்தாலும் பொம்மைதான். அதுக்கு நான் படாத பாடு இல்ல. வெள்ளைத் துணியைப் பிடிச்சுப் பாத்தேன், கண்ணாடியை வச்சுப் பாத்தேன், தெர்மாகோல் அட்டையை வடிவு கையில குடுத்து நிக்க வச்சேன். வரல. ஒரு ஞாயித்துக்கிழமை தானா வந்துச்சு தம்பி. கண்ணு முழுக்க. ரெண்டு கண்ணுலயும். அன்னைக்கு நான் துணி பிடிக்கல, கண்ணாடி வைக்கல. அதுக்கு முந்தின நாள்தான் அந்தக் கோயமுத்தூர்க்காரங்க போன் பண்ணி, எப்ப வந்து சேருவாங்க செண்பகவல்லின்னு கேட்டாங்க. இவ எங்கிட்டச் சொல்லாம எழுதிப் போட்டிருக்கா. வரமாட்டா, கல்யாணம் பாக்கோம்னு சொல்லி நான் வச்சிட்டேன். மறுநா காலையில இவ சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கா, கண்ணு அப்பிடி மினுங்குது. அசையாத, அசையாதன்னு சொல்லிக்கிட்டே எடுத்தேன். எடுத்துக்கிட்டே இருந்தேன். பழகப் பழக வரும்னு சொன்னேன்லா, அன்னைக்கு வந்துச்சு.

அந்தப் படத்தைத் தூத்துக்குடியில ஒரு வீட்டுக்கு அனுப்புனேன். பையனோட அம்மா போன்ல கேக்கா, என்ன அண்ணாச்சி, பிள்ளை அழுதுக்கிட்டு நிக்க மாதிரி இருக்கேன்னு. அழுகையாம்லா. வெளிச்சத்துக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு எம் பொண்ணு எதுக்கு? வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். வடிவு கேட்டுக்கிட்டு இருந்தவ, நீங்க பிள்ளை முகத்தைப் பாக்கீங்களா, கேமராவைப் பாக்கீங்களாங்கா. கேமரா வழியாத்தானடி முகத்தைப் பாக்கேன்னு சொன்னேன். இவகிட்ட என்னத்தப் பேச.

என்ன, டிக்கெட் காட்டுதானா? பச்சைச் சட்டையா? எங்க... கீழ கிடந்ததை எடுத்திருப்பான். இல்ல, இப்பத்தான் பயந்துக்கிட்டு வாங்கியிருப்பான். நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன், அவன் எடுக்கல. விடுங்க.

அதுக்கப்புறம்தான் பெரிய படம். என் வாழ்க்கையிலேயே பெரிய படம். கடையநல்லூர் பக்கம் ஒரு இடம், பையன் பேங்குல வேலை. எல்லாம் பொருந்தி வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பாக்க வாராங்க. அதுவும் ஞாயித்துக்கிழமை. காலையில வழக்கம்போல செண்பாவை நிக்க வச்சேன். கட்டை மாதிரி நிக்கா. வடிவு போனும் கையுமா மாடிக்கு ஏறி வாரா. ஏங்க, அவங்க வரலையாம், வேற இடம் முடிஞ்சிட்டாம்ங்கா. எனக்கு வாயில வந்ததெல்லாம் கேட்டேன், அந்தப் பக்கம் திரும்பி நின்னு, போன்ல. கொஞ்ச நேரம். திட்டிட்டுத் திரும்புதேன், செண்பா சுவர்ல சாஞ்சு நிக்கா, தலை பின்னால போயி, சிரிக்கா. நான் சிரின்னு சொல்லல. அப்பிடி ஒரு சிரிப்பு சின்னப் பிள்ளையில சிரிச்சது. கை தானாப் போச்சு தம்பி. ஒரே அமுக்கு. கை ஆடல, மூச்சு ஆடல. கோவத்துல இருக்கும்போது கூடக் கை ஆடாம இருக்கு பாருங்க, அதுதான் பழக்கம்.

வடிவு படத்தைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவ எதுக்குச் சிரிச்சான்னு உங்களுக்குத் தெரியலையான்னு கேட்டா. பயிற்சிடின்னேன். அவளுக்கும் நிக்கப் பழகிருச்சு, எனக்கும் எடுக்கப் பழகிருச்சு. அவ கீழ இறங்கிப் போயிட்டா. பாராட்டி ஒரு வார்த்தை வருமா அந்த வாயில?

அந்தப் படத்துக்கு வந்தாங்க பாருங்க. போன் ஓயல. ஆனா நான் கண்டவனுக்கும் பதில் சொல்லல. தென்காசியில நல்ல குடும்பம், பையன் காலேஜ் வாத்தியார், அவங்களை வரச் சொன்னேன். பையனும் அவன் அம்மாவும் வந்தாங்க, அம்மா தாட்டிகமான பொம்பளை, கண்ணாடி போட்டிருந்தா. செண்பா காப்பித் தட்டோட வந்து நின்னா. அதே சேலை. அந்த அம்மா போனை எடுத்து என் படத்தைப் பாக்கா, செண்பாவைப் பாக்கா. திரும்பவும் படத்தைப் பாக்கா. எங்கிட்டக் கேக்கா, அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு அக்கா தங்கச்சி யாராவது உண்டான்னு.

என்ன கேள்வி இது? ஒரே பொண்ணும்மான்னேன். அந்த அம்மா செண்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு, படத்தைக் காமிச்சு, இதுல இவ்வளவு அழகாச் சிரிக்கியே தாயி, அன்னைக்கு என்ன விசேஷம்னு கேட்டா. இவளாவது ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போகலாம்லா? நல்ல நாள் ஆச்சேன்னு ஒரு பொய் சொல்லலாம்லா? தலையை நிமித்தி, அந்த அம்மா கண்ணைப் பாத்து, அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரலன்னு போன் வந்துச்சும்மாங்கா.

பையன் தம்ளரைப் பாக்கான். அந்த அம்மாவுக்குக் கோவமும் வரல, அதுதான் எனக்குப் புரியல. செண்பா கன்னத்தைத் தொட்டா. நீ படிச்ச படிப்புக்கு வேலைக்குப் போகணும்னு இருக்காம்மான்னு கேட்டா. இவ தலையாட்டுனா. அந்த அம்மா எழுந்து வாசல் வரைக்கும் வந்து எங்கிட்டச் சொன்னா, அண்ணாச்சி, படம் ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க, அதை நீங்களும் ஒரு தடவை உக்காந்து நல்லாப் பாருங்கன்னு. பாருங்க தம்பி, சம்பந்தம் வேண்டாம்னு போறவ கூட என் படத்தைப் பாராட்டாமப் போக முடியல.

அந்த வாரமே செண்பா கிளம்பிட்டா. கோயமுத்தூருக்கு. அந்த லேப்ல இடம் இன்னும் இருந்திருக்கு. நான் போகச் சொல்லல, போகாதன்னும் சொல்லல, மாடியில இருந்தேன். வடிவுதான் சோறு கட்டிக் குடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா. ரெண்டு பேரும் தெருவுல நடந்து போனாங்க, நான் மேல இருந்து ஒண்ணு எடுத்தேன். முதுகுதான். திரும்பிப் பாப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன், பாக்கல. அந்தப் படம் சரியா வரல. கை ஆடிட்டு. இத்தனை காலம் பழகின கை, அன்னைக்கு எதுக்கு ஆடணும்? வெயில் ஏறிப்போச்சு, அதனாலதான்.

இப்ப அவளைப் பாக்கத்தான் போறேன். சும்மாப் போகல. விருதுநகர்ல ஒரு இடம் வந்திருக்கு, புதுசா ஒரு படம் கேக்காங்க. அந்தப் பழைய சிரிப்புப் படத்தை இனி அனுப்ப முடியாது, தென்காசிக்காரி ஊரெல்லாம் சொல்லி வச்சிருப்பா. சேலை இந்தப் பையில இருக்கு, அரக்குச் சேலை, நானே இஸ்திரி போட்டேன். வடிவு வரமாட்டேன்னுட்டா. அவகிட்ட செண்பா போன்ல சொன்னாளாம், அப்பா வரட்டும்மா, எத்தனை நாள்னாலும் வந்து இருக்கட்டும், ஊரைச் சுத்திக் காமிக்கேன், கேமராவை மட்டும் வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லுன்னு. கேமராவோட வந்தா ஹாஸ்டல் வாசலுக்கு இறங்கி வரமாட்டாளாம். என்ன பேச்சு பாருங்க. கேமரா இல்லாம நான் எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? இறங்கி வருவா. பெத்தவன் வாசல்ல நின்னா வராமப் போயிருவாளா? வருவா. வரமாட்டான்னு வடிவு சொல்லுதா. அவளுக்கு என்ன தெரியும்.

கோவில்பட்டி வந்துட்டோ? இருங்க, இருங்க, பாலம் இன்னும் ஏறல. இறங்கறதுக்குள்ள என் போன்ல இதைப் பாத்துட்டுப் போங்க. போன வாரம் அவளே எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்புனது. வடிவு இதைப் போன்ல முகப்புப் படமா வச்சிக்கிட்டு வாரவ போறவகிட்ட எல்லாம் காட்டுதா. எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க தொழில்ல இருக்கவரு, நீங்களே சொல்லுங்க. இது ஒரு படமா? பாதித் தலை இல்ல. ஓரத்துல கட்டை விரல் தெரியுது. பின்னால ட்யூப்லைட்டு, வெள்ளைக் கோட்டு, அதுல ஏதோ கறை, சரிஞ்சு நிக்குது கட்டடமே. பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க, யாருன்னே தெரியல. பல்லு பூராம் தெரியச் சிரிக்கா, கண்ணே சுருங்கிப் போச்சு. என் பொண்ணுங்கிறதை விடுங்க, ஒரு நாள் கூடக் கேமரா பிடிச்சுப் பழகாத கை, அப்பிடித்தான் வரும்.

என்ன, அதையே பாக்கீங்க? நல்லா இருக்காங்கன்னா சொல்லுதீங்க? நல்லா இருக்காதான். அவ நல்லா இருக்கது எனக்குத் தெரியாதா? நான் படத்தைச் சொல்லுதேன் தம்பி. கண்ணைப் பாருங்க. விரலால பெருசாக்கிப் பாருங்க. அந்த மினுக்கம் இருக்கா? ஒரு சொட்டு வெளிச்சம்? இந்தக் கண்ணுலயும் பாருங்க. இல்லல்லா. அதைத்தான் சொல்லுதேன். அது நான் எடுத்தாத்தான் வரும்.